தேய்வதா, செரிக்கப்படுவதா? – என்பு மூட்டழற்சியிற் கசியிழையச் சிதைவு பற்றிய ஒரு விளக்கம்

முழங்கால் நோவுடன் வைத்தியரை நாடும் முதியவர் பெரும்பாலும் ஒரே விடையைப் பெற்றுத் திரும்புகின்றார்: “மூட்டுத் தேய்ந்துவிட்டது.” எக்ஸ் கதிர்ப் படத்தில் இரு என்புகளுக்கிடையேயுள்ள வெளி ஒடுங்கியிருப்பதைக் காட்டி இவ்விடை கூறப்படும்போது அதனை மறுப்பதற்கு எதுவுமில்லை என்றே தோன்றும். வண்டியின் அச்சும் செருப்பின் குதியும் தேய்வது போல மனிதனின் மூட்டும் தேய்கின்றது. தேய்ந்தது மீண்டும் வளர்வதில்லை. ஆகவே செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நோயின் காரணம், போக்கு, முடிவு ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

அச்சொல் எம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். பாரமும் உழைப்பும் மூட்டுக்கு ஊறு செய்கின்றன என்பது உண்மையே. ஆயின் அவ்வூறு உரஞ்சித் தேய்ப்பதால் விளைவது மிகச் சிறிதளவே. கசியிழையத்துள் வாழும் கலங்கள், தமக்கு வந்துசேரும் இரசாயனச் சமிக்ஞைகளுக்கு இணங்கி நொதியங்களைச் சுரந்து, தாம் கட்டிய அமைப்பைத் தாமே செரித்துவிடுகின்றன. 2019ஆம் ஆண்டில் உலகில் 52 கோடியே 80 இலட்சம் மக்கள் என்பு மூட்டழற்சியுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு அறுபதின்மர் பெண்கள். இத்துணைப் பெருந்தொகையினரைப் பீடிக்கும் நோயை வெறும் பொறியியற் பழுதாகக் கொள்வதா, உயிர்வினையாகக் கொள்வதா என்பது சொற்பொருள் பற்றிய வாதமன்று. பழுதாயின் மூட்டை மாற்றலாம், அவ்வளவே. உயிர்வினையாயின் அதனை இடைமறிக்கவும் கூடும்.

கசியிழையத்தின் அமைப்பு

என்புகளின் நுனிகளை மூடியிருக்கும் கசியிழையத்தைப் பேச்சு வழக்கிற் குருத்தெலும்பு என்போம். முழங்காலில் அதன் தடிப்பு ஒரு சில மில்லிமீற்றரே. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை, நரம்புகள் இல்லை, நிணநீர்க் கான்களும் இல்லை. கனவளவில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கே கலங்கள். எஞ்சிய யாவும் அக்கலங்கள் சுரந்து தம்மைச் சுற்றி அமைத்துக்கொண்ட தாயமாகும். இத்தாயத்தின் நிறையிற் பெரும்பங்கு நீர். மற்றையவற்றுள் இரண்டு பொருள்கள் எமக்கு முக்கியமானவை. ஒன்று, இரண்டாம் வகைக் கொலாஜன் என்னும் புரதத்தாலான நார். மற்றது அக்கிறிக்கன் எனப்படும், போத்தல் கழுவும் தூரிகையை ஒத்த வடிவுடைய பெரும் மூலக்கூறு. அக்கிறிக்கனின் கிளைகள் மறையேற்றம் செறிந்தவை. ஆதலால் அது நீரை ஈர்த்துப் பருக்க முயல்கின்றது. கொலாஜன் வலை அதனைப் பருக்கவிடாது இறுக்கிப் பிடிக்கின்றது. துவிச்சக்கர வண்டியின் ரியூப்பும் ரயரும் போல என்று கூறலாம். உவமை முற்றாகப் பொருந்தாதெனினும், ஒன்றன் விரிவையும் மற்றதன் இறுக்கத்தையும் கொண்டே பாரம் தாங்கப்படுகின்றது என்பதை அது உணர்த்தும். இவ்விரண்டும் சீராயிருக்கும் வரை, பனிக்கட்டியின் மேற் பனிக்கட்டி வழுக்குவதிலும் குறைந்த உராய்வுடன் மூட்டு அசைகின்றது. தேய்வதற்கு இதனினும் தகுதியற்ற ஒரு பொருளைக் காண்பது அரிது.

கொலாஜன் நாரின் ஆயுள் பற்றிய சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1963 வரை வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுப் பரிசோதனைகள் வளியிலுள்ள காபன்-14இன் அளவை ஏறக்குறைய இரு மடங்காக்கின. அக்காலத்தில் உருவான எந்த உயிர்ப்பொருளும் அத்தடயத்தைத் தாங்கியிருக்கும். கொப்பன்ஹேகன் ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முழங்காற் கசியிழையத்திலுள்ள கொலாஜனின் காபன்-14 அளவு அம்மனிதரின் இளமைக்கால வளிமண்டலத்தின் அளவை ஒத்திருந்தது. அதாவது, வளரும் பருவத்தில் நெய்யப்பட்ட அவ்வலை அதன் பின் புதுப்பிக்கப்படுவதேயில்லை. நோயுற்ற மூட்டுக்களிலும் நிலை இதுவே. பேரழிவுக்கெனத் தயாரிக்கப்பட்ட ஆயுதத்தின் எச்சம் மனித முழங்காலின் வரலாற்றை எழுத உதவியது என்பது இருபதாம் நூற்றாண்டின் முரண்களுள் ஒன்று.

அக்கிறிக்கனோ அவ்வாறன்று. அது வாழ்நாள் முழுவதும் மெதுவாக அழிந்தும் ஆக்கப்பட்டும் வருவது. இவ்வேறுபாட்டைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

பப்பாசிப் பாலும் பன்றிக்கால் மூட்டும்

கசியிழையச் சிதைவு பற்றிய சிந்தனை திசைமாறியதற்கு மூன்று பரிசோதனைகள் வழிகோலின. முதலாவது, 1952இல் கேம்பிரிட்ஜில் ஹொனர் பெல் அம்மையாரும் எட்வேட் மெலன்பியும் நிகழ்த்தியது. கோழிக்கரு ஒன்றின் கசியிழைய என்பைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிருடன் வளர்த்து, வளர்ப்பூடகத்தில் விற்றமின் ஏயினை மிகையாகச் சேர்த்தபோது தாயம் கரைந்து மறைந்தது. இரண்டாவது, 1956இல் லூயிஸ் தோமஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டது. பப்பாசிப் பாலிலிருந்து பெறப்படும் பப்பேன் என்னும் நொதியத்தை முயல்களின் நாளத்தினுட் செலுத்தினார். சில மணி நேரத்தில் அவற்றின் நிமிர்ந்த காதுகள் துவண்டு தொங்கின. சில நாட்களில் மீண்டும் நிமிர்ந்தன. பப்பேன் புரதத்தை வெட்டும் நொதியம். காதின் கசியிழையத் தாயத்தை அது வெட்டியதில் வியப்பில்லை. வியப்பு யாதெனில், மிகையான விற்றமின் ஏ ஊட்டிய முயல்களின் காதுகளும் துவண்டன என்பதே. விற்றமின் ஏ நொதியமன்று. அதற்கு எதனையும் வெட்டும் ஆற்றல் இல்லை. ஆகவே வெட்டியது கசியிழையத்தின் உள்ளேயே இருந்த ஏதோ ஒன்று என்பது தெளிவாயிற்று. கலத்தினுள் நொதியங்களைச் சேமித்து வைத்திருக்கும் இலைசோசோம் பைகள் வெடிப்பதாலேயே இது நிகழ்கின்றது என அப்போது விளக்கம் கூறப்பட்டது. அவ்விளக்கம் நிலைக்கவில்லை; ஆயின் வினா நிலைத்தது.

மூன்றாவது பரிசோதனையே எமது பொருளுக்கு மையமானது. பெல் அம்மையார் 1929 முதல் 1970 வரை கேம்பிரிட்ஜின் ஸ்ரேஞ்ச்வேய்ஸ் ஆய்வுகூடத்தின் பணிப்பாளராயிருந்தவர். பதவி துறந்த பின்பும் ஆய்வைத் துறக்கவில்லை. 1977இல், தமது 77ஆம் வயதில், ஜப் என்பவருடன் இணைந்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பன்றிக்கால் மூட்டிலிருந்து கசியிழையத் துண்டுகளையும், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மூட்டுறை மென்சவ்வின் துண்டுகளையும் எடுத்து ஒரே பாத்திரத்தில் வளர்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருந்தபோது கசியிழையம் சிதைந்தது. அது எதிர்பார்த்ததே. இரண்டையும் தொடாதவாறு பிரித்து வைத்தபோதும் கசியிழையம் சிதைந்தது. மென்சவ்விலிருந்து ஏதோ ஒரு நொதியம் கசிந்து வந்து அதனைச் செரித்திருக்கலாம் என எவரும் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தைச் சோதிப்பதற்கு அவர்கள் கையாண்ட முறை மிக எளிமையானது: கசியிழையக் கலங்களைக் கொன்றுவிட்டு, உயிரற்ற துண்டை அதே தூரத்தில் வைத்தார்கள். உயிரற்ற கசியிழையம் சிதையவில்லை.

இதனைச் சற்று நின்று நோக்குதல் தகும். தாயம் ஒன்றே, அதிலுள்ள கொலாஜனும் அக்கிறிக்கனும் ஒன்றே. வெளியிலிருந்து வரும் நொதியம் சிதைப்பதாயின் கலம் உயிருடனிருப்பதும் இறந்திருப்பதும் ஒரு பொருட்டல்ல. உராய்வு தேய்ப்பதாயின் பாத்திரத்தில் அசைவின்றிக் கிடந்த துண்டில் உராய்வே இல்லை. மென்சவ்விலிருந்து புறப்பட்டது ஒரு செய்தி. அதனைக் கேட்பதற்கு உயிருள்ள கலம் வேண்டியிருந்தது. கேட்ட கலமே சிதைவை நடத்தியது. வெறும் இடைவெளி நிரப்பியாகக் கருதப்பட்டுவந்த கசியிழையக் கலம் அன்று தொட்டு இந்நோயின் வரலாற்றில் நடுநாயகமாயிற்று.

அச்செய்தியைச் சுமந்து சென்ற பொருளை 1979இல் டிங்கிள், சக்லத்வாலா முதலியோர் அடையாளங்கண்டனர். சிதைவைத் தூண்டுவதால் அது ‘கற்றபோலின்’ எனப் பெயர் பெற்றது. ஜெரெமி சக்லத்வாலாவும் அவரது குழுவினரும் அதனைத் தூய்மைப்படுத்தி, 1984இல் அது இன்ரர்லூக்கின்-1இன் ஒரு வடிவமே என நிறுவினர். காய்ச்சலை உண்டாக்குவதாகவும், நிணநீர்க்குழியங்களைத் தூண்டுவதாகவும் வேறு ஆய்வுகூடங்களில் வெவ்வேறு பெயர்களால் அறியப்பட்டிருந்த பொருளும் அதுவே. உடலைத் தொற்றிலிருந்து காக்கும் அழற்சியின் மொழியும் கசியிழையத்தை அழிக்கும் மொழியும் ஒன்றாயிருந்தன. 1986இல், பெல் அம்மையார் மறைந்த ஆண்டிலேயே, கழலைச் சிதைவுக் காரணி எனப்படும் ரி.என்.எவ். என்னும் மற்றோர் அழற்சிப் புரதமும் அதே வேலையைச் செய்வதாகச் சக்லத்வாலா காட்டினார்.

சமிக்ஞை செல்லும் வழி

கலத்தின் மேற்பரப்பில் இன்ரர்லூக்கின்-1ஐ ஏற்கும் வாங்கி ஒன்றுண்டு. பூட்டும் திறப்பும் போல இரண்டும் பொருந்தியவுடன் கலத்தின் உட்புறத்திற் சில புரதங்கள் ஒன்றுகூடுகின்றன. அவற்றிலிருந்து கைனேசு எனப்படும் நொதியங்களின் தொடர் இயங்கத் தொடங்குகின்றது. கைனேசின் தொழில் மற்றொரு புரதத்தின் மீது பொசுபேற்றுக் கூட்டமொன்றை ஏற்றுவது. ஏற்றப்பட்ட புரதம் அடுத்ததன் மீது ஏற்றும். ஊரில் ஒரு வீட்டுச் செய்தி வேலிக்கு வேலி கடந்து பரவுவது போல, ஒரு சில மூலக்கூறுகள் தந்த செய்தி நிமிடங்களிற் கலம் முழுவதும் பரவுகின்றது.

இத்தொடர் இரு கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளையின் முடிவில் நிற்பது என்.எவ்.-கப்பா பி என்னும் புரதம். 1986இற் கண்டறியப்பட்ட இது சாதாரண வேளையில் ஒரு தடுப்புப் புரதத்தினாற் கட்டுண்டு கிடக்கும். சமிக்ஞை வந்ததும் தடுப்பு அழிக்கப்பட, இது கருவினுட் புகுந்து பரம்பரையலகுகளை இயக்குகின்றது. மற்றைய கிளையில் பி38 போன்ற கைனேசுகள் உள. பி38ஐ 1994இற் கண்டறிந்த குழுக்களுள் சக்லத்வாலாவின் குழுவும் ஒன்று. கசியிழையச் சிதைவின் மூலத்தைத் தேடி வந்த வழியே அவரை அங்கு கொண்டுசேர்த்தது.

இவற்றின் விளைவாகக் கலம் இரண்டு காரியங்களைச் செய்கின்றது. கொலாஜனையும் அக்கிறிக்கனையும் புதிதாக ஆக்குவதைக் குறைக்கின்றது. அவற்றை வெட்டும் நொதியங்களைச் சுரக்கின்றது. அக்கிறிக்கனை வெட்டுபவை அக்கிறிக்கனேசுகள். அவற்றுள் இரண்டு 1999இல் அடையாளங்காணப்பட்டன. கொலாஜனை வெட்டுபவை கொலாஜனேசுகள். அவற்றுள் முதலாவதை 1962இல் குறொஸ், லப்பியேர் ஆகிய இருவரும் தவளைக் குஞ்சின் வாலிலே கண்டனர். தவளையாக மாறும் பருவத்தில் வால் மறைவது அந்நொதியத்தினாலேயே. மனிதக் கசியிழையத்தில் இத்தொழிலை முக்கியமாகச் செய்வது எம்.எம்.பி.-13 எனப்படுவது.

இங்கு ஓர் ஒழுங்கு முறை உண்டு. பாத்திரத்திலுள்ள கசியிழையத்துக்கு இன்ரர்லூக்கின்-1ஐ ஊட்டினால் முதற் சில நாட்களில் அக்கிறிக்கன் வெளியேறுகின்றது. கொலாஜன் சிதைவதற்கு வாரங்கள் செல்லும். அக்கிறிக்கனை மட்டும் இழந்த நிலையிற் சமிக்ஞையை நிறுத்தினால் கலங்கள் அதனை மீண்டும் ஆக்கிவிடும்; முயலின் காது மீண்டும் நிமிர்ந்தது இதனாலேயே. கொலாஜன் வலை அறுந்த பின்னரோ திரும்புவதற்கு வழியில்லை. இளமையில் ஒரு முறை மட்டுமே நெய்யப்படும் வலை அது. எக்ஸ் கதிர்ப் படத்திலே வெளி ஒடுங்கித் தெரியும் வேளையில் நோய் இக்கட்டத்தைப் பெரும்பாலும் கடந்திருக்கும்.

எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

செய்தி இன்னதென அறிந்துவிட்டோம். அதனைத் தடுத்தால் நோய் நிற்கும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. வாத மூட்டழற்சி என்னும் பிறிதொரு நோயில் இவ்வெதிர்பார்ப்பு நிறைவேறியது. அது உடலின் காப்பு முறைமையே மூட்டைத் தாக்கும் நோய். இலண்டனில் றவீந்தர் மெய்னியும் மார்க் பெல்ட்மனும் 1992 முதல் அந்நோயாளருக்கு ரி.என்.எவ்.ஐத் தடுக்கும் பிறபொருளெதிரியைக் கொடுத்துச் சோதித்தனர், நடக்கவியலாதோர் நடந்தனர். ஆனால் என்பு மூட்டழற்சியில் நிகழ்ந்தது வேறு. இன்ரர்லூக்கின்-1இன் வாங்கியை அடைக்கும் மருந்தை நேரடியாக முழங்காலினுட் செலுத்திய பரிசோதனை 2009இல் வெளிவந்தது. நான்கு வாரங்களின் பின் மருந்து பெற்றவருக்கும் வெற்று ஊசி பெற்றவருக்குமிடையே வேறுபாடு இல்லை. 2019இல் வெளிவந்த மற்றொரு பிறபொருளெதிரியின் பரிசோதனையும் பெரும் பயன் எதனையும் காட்டவில்லை.

சமிக்ஞையை விடுத்து நொதியத்தையே தடுக்க முயன்றோரும் உளர். அக்கிறிக்கனேசு ஒன்றினை ஆக்கும் பரம்பரையலகை நீக்கிய எலிகளின் மூட்டுக்கள் சிதைவிலிருந்து தப்பின என்று 2005இல் இரு குழுக்கள் அறிவித்தன. அந்நொதியத்தைத் தடுக்கும் மாத்திரை மனிதரிற் சோதிக்கப்பட்டு, பயனற்றதென 2020இற் கைவிடப்பட்டது. கொலாஜனேசு வகை நொதியங்களைத் தடுக்கும் மருந்துகளோ தோள்மூட்டை இறுக்கி விறைக்கச் செய்தன. அழற்சியை முற்றாக அடக்கும் ஸ்ரீரொயிட் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஈராண்டு காலம் முழங்காலிற் செலுத்திய அமெரிக்கப் பரிசோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது: நோவில் வேறுபாடில்லை, கசியிழைய இழப்பு, ஊசி பெற்றவரிடையே கூடுதலாக இருந்தது. மருந்துக்கடைகளிற் பெருவிலைக்கு விற்கப்படும் குளுக்கோசமீன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1,583 நோயாளர் பங்குகொண்டு 2006இல் வெளியான பரிசோதனையில் அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை.

இத்தோல்விகளைக் கண்டு, அழற்சிக் கொள்கையே பிழை. பழைய தேய்வுக் கொள்கையே சரி என்று சொல்வாருமுளர். அவசரப்படுதல் ஆகாது. இருதய நோயாளர் 10,061 பேரில் வேறொரு நோக்கத்துக்காக இன்ரர்லூக்கின்-1 பீற்றாவைத் தடுக்கும் மருந்தொன்று பல்லாண்டு சோதிக்கப்பட்டது. அத்தரவுகளை 2020இல் மீண்டும் ஆராய்ந்தபோது, மருந்து பெற்றோரிடையே இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச் சத்திர சிகிச்சைகள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது குறைந்திருந்தன. முன்கூட்டித் திட்டமிடாத ஆய்வாகையால் இதனை நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆயினும் நான்கு வாரத்தில் நோவு தணிகின்றதா என்று பார்ப்பதும், பல்லாண்டிற் கசியிழையம் எஞ்சுகின்றதா என்று பார்ப்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பதை அது உணர்த்துகின்றது. கசியிழையத்தில் நரம்பே இல்லாதபோது, அதன் இழப்பும் நோவும் ஒரே அளவில் நடக்க வேண்டுமென எதிர்பார்ப்பதற்கு நியாயமுமில்லை.

பாரமும் அழற்சியும்

எனது கருத்தில், உண்மையான விடை சக்லத்வாலாவின் ஆய்வுகூடத்தில் எவரும் பொருட்படுத்தாதிருந்த ஒரு சிறு நிகழ்விலிருந்து தொடங்குகின்றது. பரிசோதனைக்கெனக் கசியிழையத்தை மூட்டிலிருந்து வெட்டியெடுக்கும் செயல் ஒன்றே, எவ்வித இன்ரர்லூக்கினும் ஊட்டப்படாமல், கலங்களில் அழற்சிச் சமிக்ஞைத் தொடரை இயக்கிவிடுகின்றது. 2002இலும் 2004இலும் ரோனியா வின்சென்ற் முதலியோர் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். தாயத்தில் ஒட்டிக்கிடக்கும் வளர்ச்சிக் காரணியொன்று ஊறுபட்டவுடன் விடுபட்டுக் கலத்தைத் தட்டியெழுப்புகின்றது. 2012இல் அவர்களே மற்றொரு முடிவை வெளியிட்டனர். முழங்கால் நிலைகுலைக்கப்பட்ட எலிகளிற் சிதைவு நொதியங்களின் பரம்பரையலகுகள் சில மணி நேரத்திலேயே இயங்கத் தொடங்கின, அம்மூட்டை அசையாதிருக்கச் செய்தபோது அவை அடங்கின, நோயும் தோன்றவில்லை.

பாரத்துக்கும் அழற்சிக்குமிடையே எதனைத் தெரிவது என்ற வினாவே தவறு என்பது இதனாற் புலப்படும். கலம் பாரத்தை உணர்கின்றது. பொருந்தாத பாரத்தை ஊறாக மொழிபெயர்க்கின்றது. அம்மொழிபெயர்ப்பே அழற்சிச் சமிக்ஞை. சிதைந்த தாயத்தின் துண்டுகள் தாமும் கலத்தின் வாங்கிகளைத் தூண்டுவதால் வட்டம் தொடர்கின்றது. வாத மூட்டழற்சியைப் போல இங்கு ஒரே ஒரு புரதம் ஆணையிடுவதில்லை. ஆகவே ஒன்றை மட்டும் தடுப்பதாற் பெரும் பயன் விளையாததும் வியப்பன்று. மூட்டு முழுவதும் உடலோடு பேசிக்கொண்டிருக்கின்றது என்பதற்கு விரல்களே சான்று. உடற்பருமன் மிக்கோருக்கு விரல் மூட்டுக்களிலும் இந்நோய் கூடுதலாக வருகின்றது. விரல்கள் உடற்பாரத்தைச் சுமப்பதில்லை. கொழுப்பிழையம் சுரக்கும் அழற்சிப் புரதங்களோ இரத்தத்தின் வழியே எங்கும் செல்லும்.

எவரது மூட்டிற் பொருந்தாத பாரம் விழுகின்றது என்பது உயிரியலுக்கு அப்பாற்பட்ட வினாவாயினும் அதனைத் தவிர்த்தல் நேர்மையாகாது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்த கெல்கிறெனும் லோறன்சும், அலுவலக ஊழியரிலும் அவர்களிடையே முழங்கால் நோய் மிகுந்திருப்பதை 1952இல் எழுதினர். தாழ்ந்த சுரங்கங்களில் மண்டியிட்டும் குந்தியும் உழைத்தவர்கள் அவர்கள். பிரித்தானிய அரசு அதனைத் தொழில்வழி நோயாக ஏற்றுக்கொண்டது 2009இல். இடையிற் கழிந்தவை 57 ஆண்டுகள். வயது முதிர்ந்தால் எவருக்கும் தேயும் என்ற வாதம் நட்டஈடு கோருவோருக்கு எதிராக எத்துணை வசதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தோரின் எலும்புக்கூடுகளை ஒப்பிட்டது. கைத்தொழில் யுகத்தின் தொடக்கத்தில் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 6 பேருக்கும், இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்குப் பின் வாழ்ந்தோருள் 16 பேருக்கும் முழங்கால் நோய் இருந்தது. வயதையும் உடற்பருமனையும் கணக்கிற் கொண்ட பின்னும் இரு மடங்கு வேறுபாடு எஞ்சியது. முதுமை மட்டும் காரணமாயின் இம்மாற்றத்துக்கு இடமேயில்லை.

மிதமான அசைவு கசியிழையத்துக்குக் கேடு செய்வதில்லை. தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி நோவைக் குறைக்கின்றது. நிறை குறைப்பும் அவ்வாறே. “தேய்ந்துவிட்டது” என்று கேட்டவர் மேலும் தேயுமென அஞ்சி நடப்பதைக் கைவிடுகின்றார். தசை மெலிகின்றது, உடல் பருக்கின்றது, மூட்டின் மீது பொருந்தாத பாரம் மேலும் கூடுகின்றது. ஒரு சொல் உடலில் இத்துணை வேலை செய்யக்கூடும்.

இவ்வாய்வின் பாதை தொடங்கிய இடத்துக்கே அண்மையில் ஒரு முறை திரும்பியிருக்கின்றது. 2022இல் வின்சென்றின் குழுவினர், கை மூட்டழற்சிக்கு ஏதுவான பரம்பரை வேறுபாடொன்றைப் பின்தொடர்ந்து சென்று, கசியிழையம் ஊறுபடும்போது அதிலுள்ள ரெற்றினோயிக் அமிலம் குறைவதையும், அக்குறைவை ஈடுசெய்யும் மருந்தொன்று அழற்சிச் சமிக்ஞைகளை அடக்குவதையும் கண்டனர். ரெற்றினோயிக் அமிலம் விற்றமின் ஏயிலிருந்து உண்டாவது. மிகையாகக் கொடுக்கப்பட்டபோது முயலின் காதைத் துவளச் செய்த பொருளின் வழித்தோன்றலே, இயல்பான அளவிற் கசியிழையத்தைக் காக்கின்றது போலும். இதனை வாசித்துவிட்டு எவரேனும் விற்றமின் ஏ மாத்திரை வாங்கப் புறப்படுவாராயின் அவர் 1952ஆம் ஆண்டின் பரிசோதனையை மீண்டும் ஒரு முறை வாசித்தல் நன்று.